எதிர்த்துப் பேசும் நிபுணரை எதை வைத்து எடைபோடுவது? தடுப்பூசி விவாதங்களை முன்வைத்து

கயல்விழி:

எல்லோருக்கும் வணக்கம். தடுப்பூசி நல்லதா கெட்டதா என்ற சண்டைக்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. என் கேள்வி வேறு.

தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. யாரோ அவளுக்கு ஒரு காணொளி அனுப்பியிருக்கிறார்கள். அதில் பேசுபவர் நோய் எதிர்ப்பியல் பேராசிரியராக இருந்தவர், நிறைய ஆய்வுக்கட்டுரை எழுதியவர். கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. தடுப்பூசித் திட்டங்களில் பெரிய ஆபத்து மறைக்கப்படுகிறது என்று நிதானமாகச் சொல்கிறார். "இவ்வளவு படித்தவர் சும்மா சொல்வாரா அக்கா?" என்று கேட்கிறாள்.

அவர் காட்டும் வரைபடங்களைச் சரிபார்க்கும் படிப்பு எனக்கு இல்லை. மறுபக்கத்தார் சொல்வதையும் என்னால் சரிபார்க்க முடியாது. பெரும்பாலான மருத்துவர்கள் சொல்வதைக் கேள் என்றால், தனி ஆளாக நின்றவர் சொன்னதே கடைசியில் சரியாகிப்போன கதைகளை எடுத்து நீட்டுகிறாள். இரண்டு நிபுணர்கள் மோதும்போது, துறை தெரியாத நம்மைப் போன்றவர்கள் எதைப் பிடித்துக்கொள்வது?

நெய்தல்:

எண்ணிக்கையைப் பாருங்கள் கயல்விழி. உலகம் முழுக்க இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் ஒரு பக்கம், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் இன்னொரு பக்கம். அந்தச் சிலர் சரியாக இருக்கவே முடியாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் நான் பெரும்பான்மையின் மீதுதான் கட்டுவேன்.

மாறன்:

நெய்தல், அதே பந்தயத்தை 1955இல் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அமெரிக்காவில் போலியோ தடுப்பூசிக்கு அனுமதி கிடைப்பதற்கு முந்தைய வருடம், அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பெர்னிஸ் எடி என்ற அறிவியலாளர் மாதிரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். கட்டர் என்ற நிறுவனத்தின் மருந்தைச் செலுத்திய குரங்குகளுக்குக் கை கால் முடங்கியது. வைரஸ் முழுதாகச் சாகவில்லை என்று அர்த்தம். மேலிடத்தில் சொன்னார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1955 ஏப்ரலில் ஊசி வெளியே வந்தது. உயிருள்ள வைரஸ் கலந்த மருந்தால் சுமார் 40,000 பேருக்கு லேசான போலியோ வந்தது, ஏறத்தாழ 200 பேர் முடங்கினார்கள், 10 பேர் இறந்தார்கள்.

1976ஐயும் பாருங்கள். பன்றிக்காய்ச்சல் பெருந்தொற்று வரப்போகிறது என்று அங்கே 4 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். பெருந்தொற்று வரவே இல்லை. நரம்புகளைத் தாக்கும் கியான் பாரே நோய்தான், லட்சம் பேரில் ஒருவர் என்ற அளவில் கூடுதலாக வந்தது. டிசம்பரில் திட்டத்தையே நிறுத்தினார்கள். அந்தத் திட்டத்தை உள்ளிருந்தே எதிர்த்த ஜே. அந்தோணி மாரிஸ் என்ற அரசு ஆய்வாளர் அதே வருடம் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

பெரும்பான்மை பெரும்பான்மை என்று சொல்லும்போது எடியையும் மாரிஸையும் எங்கே வைப்பீர்கள்?

இளவேனில் (குழந்தை மருத்துவர்):

மாறன் சொன்ன இரண்டும் நடந்தவை. இந்தத் துறையில் இருப்பதால் அவற்றை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. ஆனால் எடி *எப்படி* எதிர்த்தார் என்று பாருங்கள். போலியோ தடுப்பூசியே கூடாது என்று அவர் சொல்லவில்லை. இந்த நிறுவனத்தின் இந்த மாதிரி, இந்தக் குரங்குகள், அவற்றுக்கு ஆனது இது. யார் வேண்டுமானாலும் அதே சோதனையைத் திரும்பச் செய்து அவர் சொன்னது சரியா தப்பா என்று பார்த்திருக்கலாம். பார்க்காமல் விட்டதுதான் அங்கே நடந்த குற்றம்.

நம் காலத்திலேயே இதற்கு இன்னும் தெளிவான உதாரணம் இருக்கிறது. டெங்கு.

டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போன பிறகு வேறொரு வகை தாக்கினால், சிலருக்கு முதல் தடவையைவிட மிக மோசமாகிவிடும். முதல் தொற்றில் நோயை எதிர்க்க உடல் உருவாக்கிய எதிர்பொருளே இரண்டாவது வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவிவிடுகிறது. 1960களிலிருந்து இதையே ஆராய்ந்தவர் ஸ்காட் ஹால்ஸ்டெட். சனோஃபி நிறுவனத்தின் டெங்கு ஊசியான டெங்வாக்ஸியா வந்தபோது அவர் எச்சரித்தார்: டெங்குவே வராத குழந்தைக்கு இதைப் போட்டால் ஊசி முதல் தொற்றின் இடத்தைப் பிடித்துவிடலாம், பிறகு நிஜமான டெங்கு தாக்கும்போது அது இரண்டாவது தொற்று போலக் கடுமையாகலாம். ஆதாரத்துக்கு அவர் வேறெங்கும் போகவில்லை. 2015இல் வெளியான, அந்த ஊசியின் சொந்தப் பரிசோதனை முடிவுகளையே காட்டினார். 2 முதல் 5 வயதுக்குள் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள், மூன்றாம் ஆண்டில், போடாதவர்களைவிட அதிகமாக டெங்குவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்கள்.

2016 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த ஊசியைப் போட ஆரம்பித்தது. அதே மாதம் உலக சுகாதார அமைப்பு, டெங்கு மிகுந்த பகுதிகளில் 9 வயதுக்கு மேல் போடலாம் என்றது. 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டாயிற்று. 2017 நவம்பரில், முன்பு டெங்கு வராதவர்களுக்கு ஆபத்து கூடுகிறது என்று நிறுவனமே அறிவித்தது. மறுவருடம் உலக சுகாதார அமைப்பு தன் வழிகாட்டலை மாற்றியது: முதலில் இரத்தப் பரிசோதனை, ஏற்கெனவே டெங்கு வந்தவருக்கு மட்டும் ஊசி. ஹால்ஸ்டெட் கேட்டதும் அதைத்தான்.

அவர் தடுப்பூசி எதிர்ப்பாளர் இல்லை. தடுப்பூசி ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைக் கழித்தவர். இந்த ஊசி, இந்தப் பிள்ளைகள், இந்த ஆபத்து, இந்த வழியில், இதைத் தவிர்க்க இந்தப் பரிசோதனை என்று சொன்னார். தப்பாகிப் போகும் வாய்ப்புள்ள ஒன்றைத் துணிந்து சொன்னார். கயல்விழி, காணொளிக்காரர் அப்படி ஏதாவது சொல்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

செங்கதிர்:

தத்துவத்தில் இந்தக் கேள்விக்கென்றே ஒரு விவாதம் இருக்கிறது. ஆல்வின் கோல்ட்மேன் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 2001இல் இதைப் பற்றி எழுதினார். இரண்டு நிபுணர்கள் முரண்படும்போது துறை தெரியாதவர் எதையெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டு, ஐந்து இடங்களைக் காட்டினார்: அவர்கள் வைக்கும் வாதங்கள், மற்ற நிபுணர்கள் யார் பக்கம், அவர்களுடைய தகுதியைப் பற்றி அந்தத் துறையின் மதிப்பீடு, அவர்களுடைய சொந்த நலன்கள், முன்பு சொன்னவை பலித்தனவா என்ற வரலாறு.

நெய்தல் எண்ணிக்கை பற்றிச் சொன்னதால் அதில் ஒரு விஷயம். ஆயிரம் பேர் ஒரே கருத்தைச் சொன்னாலும், அவர்களில் 999 பேர் ஒருவரைப் பார்த்து அப்படியே திருப்பிச் சொன்னவர்கள் என்றால் அது ஒரு குரல்தான் என்கிறார் கோல்ட்மேன். இது இரண்டு பக்கமும் வெட்டும். "பத்தாயிரம் மருத்துவர்கள் கையெழுத்திட்ட அறிக்கை" என்று வந்தால், அவர்களில் எத்தனை பேர் தரவைத் தாங்களே பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும். பெரும்பான்மை பக்கத்தையும் அதே போலக் கேட்க வேண்டும். தட்டம்மை ஊசி விஷயத்தில் பெரும்பான்மைக்கு எடை இருப்பது தலைகளின் எண்ணிக்கையால் இல்லை. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு அரசுகளின் கீழ், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத குழுக்கள், வெவ்வேறு முறையில் தேடியும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. அதனால்தான் எடை.

ஆதிரை:

புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள் நான். இளவேனில் சொன்னதில் எனக்கு ஒரு குறை உண்டு. ஹால்ஸ்டெட் சரி என்பது இன்று தெரியும். முடிவு தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்தால் யார் நல்லவர் என்று எல்லோராலும் சொல்ல முடியும். கயல்விழியின் தங்கை இன்றைக்கு முடிவெடுக்க வேண்டும். அதனால் முடிவு தெரியாத நாளில் நின்று பார்ப்போம்.

1998 பிப்ரவரி, லண்டன். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் 12 சக ஆசிரியர்களும் எழுதிய கட்டுரை 'லான்செட்' என்ற மருத்துவ ஆய்விதழில் வருகிறது. அதைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கும் ஒரு தாய்க்கு அன்று என்ன தெரிந்திருக்க முடியும்?

அந்த ஊசியைத் தயாரித்த நிறுவனங்கள் மீதான வழக்குக்காக வக்கீல் தரப்பிலிருந்து அவருக்குப் பணம் வந்தது தெரிந்திருக்காது. அது பிரையன் டியர் என்ற பத்திரிகையாளர் 2004இல் வெளிக்கொண்டு வந்தது. மொத்தம் 4,35,643 பவுண்டு என்பது அதற்கும் பிறகு வெளியானது. கட்டுரை வருவதற்கு முந்தைய வருடமே அவர் ஒரு தட்டம்மைத் தடுப்பூசிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்ததும் அன்று தெரியாது.

ஆனால் மூன்று விஷயங்கள் அன்றைக்கே கண்ணெதிரே இருந்தன. ஆய்வில் இருந்தது 12 குழந்தைகள். ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத குழந்தைகள் யாரும் இல்லை. ஊசிக்கும் அறிகுறிக்கும் இடையிலான காலம் பெரும்பாலும் பெற்றோர் நினைவிலிருந்து சொன்னது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ஊசிக்கும் நோய்க்கும் தொடர்பை நிரூபிக்கவில்லை என்று கட்டுரையிலேயே எழுதியிருந்தது. பத்திரிகையாளர் சந்திப்பிலோ, மூன்றையும் தனித்தனியாகப் போடுவதே நல்லது என்று வேக்ஃபீல்ட் சொன்னார். எழுத்தில் ஒன்று, மைக் முன்னால் ஒன்று. துறை தெரியாத ஒருவராலும் அந்த இடைவெளியைப் பார்த்திருக்க முடியும். இன்றும் நான் முதலில் தேடுவது அதைத்தான்: இவர் தன் துறைக்காரர்கள் படிக்கும் இடத்தில் என்ன எழுதுகிறார், நம்மிடம் என்ன பேசுகிறார்?

2016இல் ஹால்ஸ்டெட்டைப் பார்த்தால் அந்த இடைவெளி இல்லை. ஆய்விதழில் எழுதியதையேதான் வெளியிலும் சொன்னார்.

பழனிவேல்:

ஆதிரை அம்மா, நீங்கள் சொன்னது சுலபமான வழக்கு. வேக்ஃபீல்டின் கட்டுரையை 2010இல் திரும்பப் பெற்றார்கள், மருத்துவப் பதிவிலிருந்தும் அவர் பெயரை நீக்கினார்கள். நேர்மையில்லாத ஆள் என்று முடித்துவிடலாம். நேர்மையான ஆள் தப்பாகச் சொன்னால் என்ன செய்வது? நான் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவன், கக்குவான் இருமல் ஊசியின் கதையைச் சொல்கிறேன்.

1974இல் பிரிட்டனில் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் ஜான் வில்சனும் அவருடைய சக மருத்துவர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கக்குவான் ஊசிக்குப் பிறகு வலிப்பும் மூளை பாதிப்பும் வந்ததாக 36 குழந்தைகளை விவரித்தார்கள். அந்தக் குழந்தைகள் நிஜம், பாதிப்பும் நிஜம். கிளாஸ்கோவின் பொதுச் சுகாதாரப் பேராசிரியர் கோர்டன் ஸ்டூவர்ட், ஊசியால் வரும் நன்மையைவிடத் தீமை அதிகம் என்று தொடர்ந்து வாதாடினார். இவர்கள் வெளியாட்கள் இல்லை, பட்டத்துக்கும் பதவிக்கும் குறைவில்லை. ஊசி போடுவோர் விகிதம் 80 சதவீதம் அளவிலிருந்து 30 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. 1970களின் பிற்பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கக்குவான் வந்தது. குழந்தைகள் இறந்தார்கள்.

அந்தப் பாதிப்புக்கு என்ன காரணம் என்பது பல வருடம் கழித்துத்தான் தெளிவாகத் தொடங்கியது. 2006இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சாமுவேல் பெர்கோவிச் குழு, ஊசியால் மூளை பாதித்ததாகச் சொல்லப்பட்ட 14 பேரின் மரபணுவைச் சோதித்தது. 11 பேரிடம் கடுமையான வலிப்பு நோய்க்குக் காரணமான ஒரு மரபணு மாற்றம் இருந்தது. ஊசி போடும் வயதும் அந்த வலிப்பு தலைகாட்டும் வயதும் ஒன்றாக இருந்தன. ஊசியால் வரும் காய்ச்சல் முதல் வலிப்பைத் தூண்டியிருக்கலாம். மூளை பாதிப்பு எப்படியும் வந்திருக்கும்.

எதிர்த்தவர்களால் நன்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பழைய ஊசி காய்ச்சலையும் அழுகையையும் நிறையக் கொடுத்தது உண்மை. அந்தக் கவலையெல்லாம் சேர்ந்துதான் ஜப்பானில் 1981இல் பக்கவிளைவு குறைந்த புது வகை ஊசி பயன்பாட்டுக்கு வந்தது. வில்சன் பார்த்ததில் தப்பில்லை, பார்த்ததற்குச் சொன்ன காரணம் தப்பு. ஒருவரை மொத்தமாக நம்பு அல்லது மொத்தமாகத் தள்ளு என்று தங்கையிடம் சொல்லாதீர்கள். இரண்டையும் பிரித்துக் கேட்கச் சொல்லுங்கள்.

மாறன்:

பழனிவேல் ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணத்தைப் பற்றி ஆதிரை ஒரு பக்கத்துக்கு மட்டும் சொன்னார். தடுப்பூசிக்கு ஆதரவாகப் பேசும் பால் ஆஃபிட், குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸுக்கான ஊசியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். அதில் அவருக்குக் காப்புரிமை இருந்தது. பரிசோதனைகளில் பெரும்பங்குக்குப் பணம் தருவதே நிறுவனங்கள்தான். எதிர்ப்பவர் வாங்கினால் ஊழல், ஆதரிப்பவர் வாங்கினால் ஆராய்ச்சி நிதியா?

செங்கதிர்:

இல்லை மாறன், அளவுகோல் ஒன்றேதான். யார் வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: வெளியே சொன்னாரா? அவர் சொல்வதைப் பணம் வாங்காத ஒருவர் தனியாகச் சரிபார்த்தாரா? ஆஃபிட்டின் காப்புரிமை ஊரறிந்தது. வேக்ஃபீல்ட் வாங்கியதை அவருடைய சக ஆசிரியர்களுக்கே தெரியாமல் வைத்திருந்தார். தெரிந்ததும் அவர்களில் 10 பேர், ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டார்கள்.

பணம் இருப்பதாலேயே ஒரு முடிவு பொய்யாகிவிடாது, கூடுதலாகச் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று: காணொளி, புத்தகம், உறுப்பினர் சந்தா, சத்து மாத்திரை விற்பனை எல்லாமும் வருமானம்தான். நிறுவனத்திடம் சம்பளம் வாங்காதவர் என்பதால் ஒருவர் நலன் கடந்தவர் ஆகிவிட மாட்டார்.

இளவேனில் (குழந்தை மருத்துவர்):

ரோட்டா பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ரோட்டா ஊசி ரோட்டாஷீல்டு. சில குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் பிரச்சினை வந்ததாக 15 தகவல்கள் பக்கவிளைவுப் பதிவேட்டுக்கு வந்தன. வெறும் 15தான். 1999 ஜூலையில் நிறுத்தி வைத்தார்கள், அக்டோபரில் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கணக்குப் பார்த்ததில் 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு என்ற அளவில் ஆபத்து. அதற்குப் பிறகு வந்த இரண்டு ரோட்டா ஊசிகளையும் தலா 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்த பிறகே அனுமதித்தார்கள். ஆஃபிட் பங்கெடுத்த ஊசியும் அதில் ஒன்று.

"எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னால், இந்த 15 தகவல்களை ஏன் மறைக்கவில்லை என்று அவரிடம் கேளுங்கள். 2021இல் ஆஸ்ட்ராஜெனகா ஊசிக்குப் பிறகு அரிதாக வந்த இரத்த உறைவைக் கண்டுபிடித்தவர்களும் நார்வே, ஜெர்மனி மருத்துவமனைகளில் வேலை பார்த்த நிபுணர்கள்தான். சில வாரங்களில் அதைப் பற்றிய கட்டுரைகள் முன்னணி ஆய்விதழில் வந்துவிட்டன. கெட்ட செய்தியைச் சொன்னதற்காக யாரும் அவர்களைத் துறையை விட்டு விரட்டவில்லை.

நெய்தல்:

நோபல் பரிசு பெற்றவரே எதிர்த்தால்? லூக் மொன்தானியே கொரோனா ஊசியை எதிர்த்தாரே. எச்ஐவியைக் கண்டுபிடித்ததற்காக 2008இல் பரிசு வாங்கியவர். வைரஸ் பற்றி அவருக்குத் தெரியாததா?

ஆதிரை:

பரிசு, அவர் செய்த அந்த ஒரு வேலைக்கு. டிஎன்ஏவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பிசிஆர் முறையைக் கண்டுபிடித்து 1993இல் வேதியியல் நோபல் வாங்கிய கேரி முல்லிஸ், எய்ட்ஸுக்கு எச்ஐவி காரணமில்லை என்றார். இரண்டு நோபல் வாங்கிய லைனஸ் பாலிங், வைட்டமின் சி சளியையும் புற்றுநோயையும் தடுக்கும் என்று கடைசிவரை சொன்னார். சோதித்துப் பார்த்ததில் அது நிற்கவில்லை. மொன்தானியே தன் கடைசிக் காலத்தில், டிஎன்ஏ நீருக்குள் மின்காந்த அலையாகத் தங்கும் என்றெல்லாம் எழுதினார்.

அதே துறைக்காரர் என்றால் போதுமா என்றால் அதுவும் போதாது. பீட்டர் டியூஸ்பெர்க், எச்ஐவியும் அடங்கிய ரெட்ரோவைரஸ் என்ற வைரஸ் குடும்பத்தில் பேர்பெற்ற ஆய்வாளர். எச்ஐவி எய்ட்ஸை உண்டாக்காது என்று சொன்னார். தென்னாப்பிரிக்க அதிபர் தபோ எம்பெக்கி 2000இல் அமைத்த குழுவில் அவரும் இருந்தார். அந்த நாட்டில் மருந்து கொடுப்பது தள்ளிப்போனதால் 3,30,000க்கும் அதிகமானோர் இறந்ததாக ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் மதிப்பிட்டார்கள்.

பட்டம் சொல்வது ஒன்றுதான்: இவர் பேசுவதை ஒருமுறை காது கொடுத்துக் கேட்கலாம். அதற்கு மேல், முன்பு சொன்னது நடந்ததா என்று பார்க்க வேண்டும். மைக்கேல் யேடன் ஒரு காலத்தில் ஃபைசர் நிறுவனத்தில் துணைத் தலைவராக இருந்தவர், நுரையீரல் நோய் ஆராய்ச்சியில் அனுபவம் உள்ளவர். 2020 இறுதியில், பிரிட்டனில் பெருந்தொற்று முடிந்துவிட்டது, தடுப்பூசியே தேவையில்லை என்று எழுதினார். 2021 ஜனவரியில் அங்கே நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்துகொண்டிருந்தார்கள். யாரும் எதையாவது தப்பாகக் கணிக்கலாம். அதற்கடுத்து என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். கணக்கு எங்கே பிசகியது என்று அவர் தேடவில்லை. அதைவிடப் பெரிய குற்றச்சாட்டுகளுக்குத் தாவினார்.

கயல்விழி:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி காணொளியை மறுபடி பார்த்து, அவர் குறிப்பாகச் சொல்வதை எழுதி வைத்தேன். ஒன்று, மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஊசி போட்டவர்களே அதிகம். இரண்டு, பக்கவிளைவுப் பதிவேட்டில் ஆயிரக்கணக்கான மரணங்கள் இருக்கின்றன. மூன்று, தன்னோடு மேடையில் விவாதிக்க ஒருவரும் முன்வரவில்லை.

ஆதிரை:

முதல் இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

புரிவதற்காகக் கற்பனை எண்களை வைத்துக்கொள்வோம். 1,000 பேர். 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போட்டவர்களில் 9 பேர் மருத்துவமனைக்குப் போகிறார்கள், போடாதவர்களில் 5 பேர். சேர்ந்த 14 பேரில் 9 பேர் ஊசி போட்டவர்கள், ஆக அவர்கள்தான் அதிகம். ஆனால் 900இல் 9 என்றால் நூற்றுக்கு ஒருவர், 100இல் 5 என்றால் நூற்றுக்கு ஐந்து பேர். ஊசி ஆபத்தை ஐந்தில் ஒன்றாகக் குறைத்திருக்கிறது. அவர் சொன்ன வாக்கியம் உண்மை, அதிலிருந்து எடுத்த முடிவு தலைகீழ். பேராசிரியராக இருந்தவருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்காது. அதனால் இதை நான் சாதாரணப் பிசகாகப் பார்க்க மாட்டேன். மக்கள்தொகையில் எத்தனை பேர் ஊசி போட்டிருந்தார்கள் என்று காணொளியில் எங்காவது சொல்கிறாரா என்று பாருங்கள்.

இரண்டாவது, பதிவேடு. ஊசி போட்ட பிறகு நடந்த எதையும் யார் வேண்டுமானாலும் அதில் பதியலாம். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள், சந்தேகம் எதுவும் தவறிவிடக் கூடாது என்பதற்காக. கோடிக்கணக்கான முதியவர்களுக்கு ஊசி போட்டால், ஊசி இல்லாவிட்டாலும் அடுத்த மாதத்தில் அவர்களில் பலர் இறந்திருப்பார்கள். எதிர்பார்த்ததைவிடக் கூடுதலா என்பதுதான் கேள்வி. ரோட்டாஷீல்டில் 15 தகவல்களே போதுமாக இருந்தன, ஏனென்றால் அந்த வயதில், ஊசிக்கு அடுத்த சில நாட்களில், அவ்வளவு பேருக்கு அது வரக்கூடாது. எண்ணிக்கையை மட்டும் காட்டி, எதிர்பார்க்கும் அளவைச் சொல்லாமல் விட்டால், நம்மிடம் பாதிக் கணக்கைத்தான் கொடுத்திருக்கிறார்.

இளவேனில் (குழந்தை மருத்துவர்):

மூன்றாவதற்கு என் பதில். மேடை விவாதத்தில் ஒரு நிமிடத்தில் பத்துக் குற்றச்சாட்டுகளை அடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல அரைமணி நேரம் வேண்டும். வேகமாகப் பேசுபவர் ஜெயிப்பார், சரியாகச் சொல்பவர் ஜெயிப்பார் என்று உறுதி கிடையாது. பதில் சொல்லப்படவில்லை என்பதும் உண்மையில்லை. வேக்ஃபீல்ட் எழுப்பிய கேள்விக்கு டென்மார்க்கில் 2002இல் 5 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளையும், 2019இல் 6,57,461 குழந்தைகளையும் ஆராய்ந்து பதில் சொன்னார்கள். ஜப்பானின் யோகோஹாமாவில் அந்த ஊசியை 1993இல் அறவே நிறுத்திய பிறகும் ஆட்டிசம் கூடிக்கொண்டே போனதை 2005இல் காட்டினார்கள். ஒருவரைத் துறை எவ்வளவு மதித்துக் கேட்டது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மாறன்:

டாக்டர், வேக்ஃபீல்டுக்கு அது பொருந்தும். ஆனால் எல்லா எதிர்ப்பையும் இந்தக் காணொளிக்காரர் வரிசையில் சேர்த்துவிடும் பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. 2021இல் மரியன் குரூபர், ஃபிலிப் கிராஸ் இருவரும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் தடுப்பூசிப் பிரிவின் தலைமையில் இருந்தவர்கள். எல்லோருக்கும் கூடுதல் கொரோனா ஊசி தேவை என்பதற்கு ஆதாரம் போதாது என்று 'லான்செட்'டில் எழுதினார்கள், பதவியிலிருந்தும் விலகினார்கள். அதே மாதம் அந்த நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 16 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் என்பதை 16க்கு 2 என்று நிராகரித்து, முதியவர்களுக்கும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கும் மட்டும் பரிந்துரைத்தது. நான் குறை சொன்ன ஆஃபிட்கூட, மறுவருடம் கொரோனா ஊசியின் மாற்றிய வடிவத்துக்கு எதிராக வாக்களித்தார். 19க்கு 2இல் அவர் அந்த இரண்டில் ஒருவர்.

இவர்களையும் "ஊசி எதிர்ப்பாளர்" என்று வாய் மூட வைத்தால், மக்கள் நேரே காணொளிக்காரரிடம்தான் போவார்கள். பிலிப்பைன்ஸில் என்ன நடந்தது? தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாகச் சொன்னவர்கள் 2015இல் 93 சதவீதம், டெங்வாக்ஸியாவுக்குப் பிறகு 2018இல் 32. 2019இல் தட்டம்மை பரவியது. ஹால்ஸ்டெட்டின் பேச்சைக் கேட்காததற்கான விலையை அந்த ஊசிக்குச் சம்பந்தமே இல்லாத குழந்தைகள் கொடுத்தார்கள்.

இளவேனில் (குழந்தை மருத்துவர்):

இதில் மாறனோடு முழுக்கவும் உடன்படுகிறேன். தரவை முழுதாக வெளியே வைக்க வேண்டும், உள்ளிருந்து எதிர்ப்பவர் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். குரூபரும் கிராஸும் எந்த வயதினருக்கு, எத்தனையாவது தவணை, எந்த ஆதாரம் போதாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். முதல் தவணைகளை அவர்கள் எதிர்க்கவில்லை.

கயல்விழி, உங்கள் தங்கையிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். "தெளிவாகும் வரை தள்ளிப்போடுகிறேன்" என்பது பாதுகாப்பான நடுவழி போலத் தெரியும். கைக்குழந்தைக்கு அது அப்படி இல்லை. கக்குவான் இருமல் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளைத்தான். சந்தேகம் தீரும் வரை நோய் காத்திருக்காது.

நீங்கள் எழுதி வைத்த மூன்றும் எதற்கும் பொதுவாகப் பொருந்துகிறவை. அடுத்த தவணைக்கு முன் தங்கையை உட்கார வைத்து, அவர் எந்த ஊசியை, எந்த வயதில், என்ன ஆபத்துக்காக எதிர்க்கிறார் என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஊசியின் பெயர் கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு குழந்தையின் மருத்துவரிடம் போகட்டும்: இந்த ஆபத்து உண்மையா, எத்தனை பேரில் ஒருவருக்கு, போடாவிட்டால் எத்தனை பேரில் ஒருவருக்கு என்ன ஆகும் என்று கேட்கட்டும். கேள்வி கேட்கிறாள் என்று எரிச்சல்படும் மருத்துவராக இருந்தால் வேறொருவரிடம் கேட்கலாம், தப்பில்லை. பெயரே கிடைக்காவிட்டால் அந்தத் தாளை இங்கே போடுங்கள், வரிவரியாகப் பார்க்கலாம்.